ஒரே வட்டு, இரண்டு கணக்குப்பிள்ளைகள்: டூயல் பூட் கணினியில் அடுத்த பக்கத்துக் கோப்புகள் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசசரும் இல்லாத பழைய கணினிகள் ஏராளம். அவற்றை வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர், விண்டோஸை அழிக்கவும் மனமில்லாமல், அதன் பக்கத்திலேயே உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்கிறார்கள். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இதுதான் டூயல் பூட்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் முதலில் கொடுக்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன.

நிறுவிய சில நாட்களிலேயே வரும் புலம்பல்கள் மூன்று. "டி டிரைவில் உள்ள படங்கள் லினக்ஸில் தெரிகின்றன, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை." "நேற்றுத் திறந்தது இன்று திறக்கவில்லை." "லினக்ஸில் வைத்த கோப்பு விண்டோஸில் கண்ணிலேயே படவில்லை." கேட்க ஒரே சிக்கல் மாதிரி இருக்கும். காரணங்கள் வேறு வேறு. காரணம் தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளையை அப்படியே ஒட்டுபவர்கள்தான் பெரும்பாலும் கோப்புகளை இழக்கிறார்கள்.

முதலில் மூன்று சொற்கள்

1. பார்ட்டிஷன்: ஒரே வட்டுக்குள் கட்டப்பட்ட தடுப்புச் சுவர். வட்டு ஒன்றுதான், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை விண்டோஸுக்கு, அதற்கப்பால் லினக்ஸுக்கு என்று வட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை சொல்லும். இந்த அட்டவணையை இரண்டு இயங்குதளங்களாலும் படிக்க முடியும். ஆகவே பார்ட்டிஷன் இருப்பது இருவருக்கும் தெரியும்.

2. கோப்பு முறைமை: அந்தச் சுவருக்குள் கணக்கு எழுதும் விதம். ஒரு கோப்பின் பெயர் என்ன, அதன் துண்டுகள் வட்டில் எங்கெங்கே கிடக்கின்றன, எந்த இடம் காலி என்பதையெல்லாம் பதிந்து வைக்கும் பேரேடு என்று கொள்ளலாம். விண்டோஸ் எழுதும் முறை என்டிஎஃப்எஸ். 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்தது. உபுண்டுவும் மின்டும் வழக்கமாக எழுதுவது எக்ஸ்ட்4. 2008-இல் லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், நிலைபெற்றது. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸின் டெஸ்க்டாப் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறொன்றைப் பயன்படுத்துகிறது.

3. மவுண்ட்: பேரேட்டைத் திறந்து வேலைக்கு எடுத்துக்கொள்வது. விண்டோஸ் இதைச் சொல்லாமலே செய்துவிட்டு சி, டி என்று எழுத்துக் கொடுத்துவிடும். லினக்ஸில் டிரைவ் எழுத்து கிடையாது. பார்ட்டிஷன் ஏதோ ஒரு ஃபோல்டரின் உள்ளடக்கமாகத் தோன்றும். கோப்பு மேலாளரின் இடப் பக்கத்தில் அதன் பெயரைச் சொடுக்கும்போது நடப்பது இந்த மவுண்ட்தான்.

ஆக ஒரு கோப்பு திறக்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் கூடி வர வேண்டும். கணக்கு எழுதியிருக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். முன்னால் எழுதியவர் பேரேட்டை ஒழுங்காக மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும். பேரேடு இருக்கும் பெட்டி பூட்டியிருந்தால் சாவி வேண்டும். எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

யாருக்கு யார் மொழி தெரியும்

இதில் சமநிலையே கிடையாது. லினக்ஸ் விண்டோஸின் முறையைக் கற்றுக்கொண்டது. விண்டோஸ் லினக்ஸின் முறையைக் கற்றுக்கொள்ளவில்லை.

லினக்ஸ் கற்றுக்கொண்டதும் ஒரே நாளில் நடந்ததல்ல. என்டிஎஃப்எஸ்-இன் உள் அமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடவில்லை. நீண்ட காலம் லினக்ஸ் கெர்னலால் அதை நம்பிக்கையோடு படிக்க மட்டுமே முடிந்தது. 2007-இல் நிலையான பதிப்பாக வந்த என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர்தான் (அந்த முறையைப் படித்து எழுதித் தரும் மென்பொருள்) எழுதுவதையும் சாத்தியமாக்கியது. இது கெர்னலுக்கு வெளியே இயங்குவது. நிதானமானது, அதனால் வேகம் கொஞ்சம் குறைவு. 2021-இல் வந்த 5.15 கெர்னலில் பாராகன் நிறுவனம் எழுதிக் கொடுத்த என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் உள்ளேயே சேர்ந்தது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டும் வேறு வேறு மென்பொருள்கள், கோளாறு வரும்போது நடந்துகொள்ளும் விதமும் வேறு. உங்கள் லினக்ஸ் எதை எடுத்துக்கொள்கிறது என்பது வெளியீட்டைப் பொறுத்தது. பழைய வழிகாட்டிகளில் சொன்ன வைத்தியம் புதிய வெளியீட்டில் பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மூடியும் மூடாத விண்டோஸ்

முதல் இரண்டு புலம்பல்களுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் அது முழுமையாக மூடுவதில்லை.

2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாடு நுழைந்தது. இன்றுவரை பெரும்பாலான கணினிகளில் அது தானாகவே இயங்குநிலையில் இருக்கிறது. அது செய்வது இதுதான்:

1. ஷட் டவுன் கொடுத்ததும் உங்கள் நிரல்கள் மூடப்படுகின்றன, நீங்கள் லாக் ஆஃப் ஆகிறீர்கள்.
2. ஆனால் கெர்னலும் டிரைவர்களும் மூடப்படுவதில்லை. அவற்றின் நினைவக நிலை அப்படியே சி டிரைவில் உள்ள ஹைபர்ஃபில் என்ற கோப்பில் இறக்கப்படுகிறது.
3. மறுநாள் கணினியைப் போட்டால் அந்த நிலை நினைவகத்துக்குத் திரும்ப ஏற்றப்படுகிறது. புதிதாகத் தொடங்குவதை விட இது வேகம்.

விண்டோஸ் மட்டும் இருக்கும் கணினியில் இதனால் பாதகமில்லை. டூயல் பூட்டில்தான் வினை. உறங்கப் போன கெர்னல், "டி டிரைவில் இந்த இடம் காலி, இந்த ஃபோல்டரில் இத்தனை கோப்பு" என்ற கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொண்டே உறங்குகிறது. இடையில் லினக்ஸ் வந்து அதே காலி இடத்தில் ஒரு படத்தை எழுதிவிட்டது என்று வையுங்கள். விண்டோஸ் விழித்ததும் பேரேட்டைப் புதிதாகப் படிக்காது. மனப்பாடக் கணக்கை நம்பி அதே இடத்தில் வேறொன்றை எழுதும். ஒன்றின் மேல் ஒன்று. லினக்ஸில் சேமித்த கோப்பு விண்டோஸில் மாயமாவதும், ஃபோல்டரே சிதைவதும் இப்படித்தான்.

லினக்ஸ் டிரைவர் முரண்டு பிடிப்பது இந்த விபத்தைத் தடுக்கத்தான். என்டிஎஃப்எஸ்-3ஜி, விண்டோஸ் உறக்கத்தில் இருப்பதைக் கண்டால் படிப்பதற்கு மட்டும் திறந்து கொடுக்கும். அதுதான் "தெரிகிறது, சேமிக்க முடியவில்லை" என்ற நிலை. என்டிஎஃப்எஸ்3 இன்னும் கறார். பார்ட்டிஷனில் "முறையாக மூடப்படவில்லை" என்ற குறி இருந்தால் திறக்கவே மறுக்கும். அப்போது திரையில் வரும் செய்தி படு குழப்பமானது: தவறான கோப்பு முறைமை, தவறான விருப்பம், கெட்டுப்போன சூப்பர்பிளாக், இன்னும் ஏதோ என்று ஒரே மூச்சில் அடுக்கும். வட்டு போய்விட்டது என்று பலர் பதறுவது இந்த வரியைப் பார்த்துத்தான். கெர்னல் மறுத்துவிட்டது என்பது மட்டும் மவுண்ட் கட்டளைக்குத் தெரியும். ஏன் என்று தெரியாததால் தனக்குத் தெரிந்த எல்லாச் சாத்தியங்களையும் வாசித்துவிடுகிறது, அவ்வளவே.

தீர்வுகளை நல்லதிலிருந்து கெட்டதை நோக்கி வரிசைப்படுத்தினால்:

1. நிலையான தீர்வு: விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற டிக்கை எடுத்துவிடுவது. எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டு உள்ள கணினியில் இதனால் இழக்கும் நேரம் சில நொடிகள்தான்.
2. ஒருமுறைத் தீர்வு: ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுப்பது, அல்லது ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது. பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் ரீஸ்டார்ட்தான் விண்டோஸை முழுதாக மூடுகிறது.
3. பார்ட்டிஷன் உண்மையிலேயே பழுதாகியிருந்தால்: விண்டோஸுக்குள் போய் செக்டிஸ்க் என்ற வட்டுப் பரிசோதனைக் கருவியை ஓட்டுவது. லினக்ஸில் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற கருவி பெயரளவில்தான் வைத்தியர். சில்லறைப் பிழைகளைத் திருத்தும், பழுதுக் குறியை நீக்கும். குறியை நீக்குவது நோயை நீக்குவது ஆகாது.
4. தவிர்க்க வேண்டியது: உறக்கக் கோப்பை அழித்துவிட்டுத் திறக்கும்படியோ, குறியைப் பொருட்படுத்தாமல் வலுக்கட்டாயமாகத் திறக்கும்படியோ மவுண்ட் கட்டளையில் விருப்பம் சேர்ப்பது. விண்டோஸை நீங்கள் ஹைபர்னேட் செய்திருந்தால், அதாவது நிரல்களையும் மூடாமல் உறங்க வைத்திருந்தால், அதில் சேமிக்காமல் திறந்திருந்தவை எல்லாம் போய்விடும்.

இதே விதி லினக்ஸுக்கும் பொருந்தும். பொதுப் பார்ட்டிஷனைத் திறந்து வைத்தபடி லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குள் போனால் அதே விபத்து எதிர்த்திசையில் நடக்கும். தடுக்க அங்கே யாரும் இல்லை.

பூட்டிய பெட்டி: பிட்லாக்கர்

புதிய மடிக்கணினி வாங்கியவர்களுக்கு வருவது வேறு தடை. விண்டோஸ் 11-இல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழையும்போது, வட்டில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் கேட்காமலே இயங்கத் தொடங்கியிருக்கலாம். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு இதை இன்னும் பரவலாக்கியது. உள்ளே இயங்குவது பிட்லாக்கர் தொழில்நுட்பம். சாவி டிபிஎம்-க்குள் இருப்பதால் விண்டோஸ் தானே திறந்துகொள்கிறது. கடவுச்சொல் எதுவும் நீங்கள் வைத்ததில்லை. லினக்ஸில் அதே பார்ட்டிஷனைச் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். விண்டோஸில் நுழையும் பின் எண்ணை அங்கே இட்டால் பலிக்காது.

தேவைப்படுவது 48 இலக்க மீட்புச் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில், அந்தக் கணினியின் பெயரின் கீழ் அது இருக்கும். லினக்ஸின் கிரிப்ட்செட்டப் கருவி 2020-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து பிட்லாக்கரைப் புரிந்துகொள்கிறது. அந்த 48 இலக்கங்களைக் கொடுத்தால் பார்ட்டிஷன் திறந்துவிடும். இந்தச் சாவியை லினக்ஸை நிறுவுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பையோ தொடக்க வரிசையையோ மாற்றினால் விண்டோஸே சந்தேகப்பட்டு அடுத்த முறை அதே சாவியைக் கேட்கக்கூடும்.

மறுதிசை: லினக்ஸ் கோப்பை விண்டோஸில் பார்ப்பது

எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் காட்டாது. சில நேரம் அதற்கும் ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்துவிட்டு, "இந்த வட்டைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். இந்த இடத்தில் சரி என்று சொடுக்கினால் லினக்ஸ் போயிற்று. புரியாத மொழியை வெற்றுத் தாள் என்று நினைக்கும் கணக்குப்பிள்ளை அது.

டபிள்யூஎஸ்எல் 2 என்ற மைக்ரோசாஃப்ட் வசதி வழியாக விண்டோஸுக்குள்ளேயே உண்மையான லினக்ஸ் கெர்னல் ஓடுகிறதே, அதன் மூலம் எக்ஸ்ட்4-ஐத் திறக்கலாமே என்று கேட்கலாம். திறக்கலாம், மவுண்ட் செய்ய அதில் கட்டளையும் உண்டு. ஆனால் ஒரு பார்ட்டிஷனை மட்டும் அதனிடம் ஒப்படைக்க முடியாது, முழு வட்டையும்தான் ஒப்படைக்க வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் வட்டை விண்டோஸிடமிருந்து பிடுங்க முடியாது. ஆக, ஒரே எஸ்எஸ்டி-யில் இரண்டையும் வைத்திருக்கும் மடிக்கணினிக்கு இந்த வழி அடைபட்டது. லினக்ஸைத் தனி வட்டில் வைத்திருக்கும் மேசைக் கணினிக்காரர்களுக்குத்தான் இது உதவும். இதைச் சொல்லாமல் கட்டளையை மட்டும் கொடுக்கும் வழிகாட்டிகளைப் பின்பற்றி மணிக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்கள் பலர்.

மற்றபடி வெளி மென்பொருள்கள் உண்டு. டிஸ்க்இன்டர்னல்ஸ் நிறுவனத்தின் லினக்ஸ் ரீடர் படிக்க மட்டும் செய்யும். அதனாலேயே அது பாதுகாப்பானது. எழுதவும் வேண்டும் என்றால் பாராகன் விலைக்கு விற்கும் டிரைவர் இருக்கிறது. எக்ஸ்ட்2எஃப்எஸ்டி என்ற பழைய இலவச டிரைவரைப் பலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். எக்ஸ்ட்4-இல் பின்னால் சேர்ந்த வசதிகள் அதற்கு முன்னால் எழுதப்பட்ட டிரைவருக்குத் தெரியாது. எழுதும் உரிமையோடு அதை ஓட விடுவது வீண் துணிச்சல்.

நேர்மையாகச் சொன்னால், விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை எட்டிப் பிடிக்க முயல்வதே சுற்று வழி. லினக்ஸுக்குள் போய், வேண்டிய கோப்பை விண்டோஸுக்குத் தெரிந்த பார்ட்டிஷனில் நகலெடுத்து வைத்துவிட்டு வருவது நேர் வழி.

திறந்த பிறகு வரும் சிக்கல்கள்

பெயரின் நீளம். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களை மட்டும் பிடிக்கும் சிக்கல் இது. என்டிஎஃப்எஸ்-இல் ஒரு பெயர் 255 குறிகள் வரை போகலாம். தமிழ்க் குறி ஒன்றும் ஆங்கில எழுத்து ஒன்றும் அங்கே ஒரே கணக்கு. எக்ஸ்ட்4-இல் உச்ச வரம்பு 255 பைட். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஆகவே 85 தமிழ்க் குறிகளோடு எல்லை முடிகிறது. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதை மறக்கக் கூடாது: 'கல்லூரி' என்பது நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7 குறி, எக்ஸ்ட்4-க்கு 21 பைட். அதாவது சுமார் 50 எழுத்துத் தலைப்பைத் தாண்டினால் விண்டோஸ் பக்கத்தில் நன்றாக இருந்த கோப்பை லினக்ஸ் பக்கத்துக்கு நகலெடுக்க முடியாது. நீளமான செய்தித் தலைப்போடு சேமிக்கப்பட்ட பிடிஎஃப்-கள் நகலெடுக்கும்போது மட்டும் நடுவில் நின்றுவிடுவது இதனால்தான்.

பெயரின் குறிகள். லினக்ஸில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் பெயரில் வரலாம்; விண்டோஸ் ஏற்காது. லினக்ஸில் ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு பெயர். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ்-இல் அப்படிப் பெயர் வைத்துவிட்டு, விண்டோஸில் அந்தக் கோப்பை அழிக்கவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் தவிப்பது வழக்கம்.

ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம். பெயர் தெரியும், சின்னம் தெரியும், லினக்ஸில் சொடுக்கினால் திறக்காது. இடம் மிச்சப்படுத்த விண்டோஸ் வட்டில் வைத்திருப்பது வெறும் அடையாளச் சீட்டு. உண்மையான கோப்பு மேகத்தில் இருக்கிறது. விண்டோஸில் 'எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு' என்று குறித்துவிட்டு வந்தால் திறக்கும்.

கடிகாரம். கணினியின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அங்கே இருப்பதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இடைவெளி ஐந்தரை மணி நேரம். லினக்ஸிலிருந்து திரும்பியதும் விண்டோஸ் கடிகாரம் அவ்வளவு பின்தங்கியிருக்கும்; அந்த நிலையில் சேமிக்கும் கோப்புகளுக்குப் பழைய நேரம் பதியும், எது புதியது என்று தேதி பார்த்து ஒத்திசைக்கும் மென்பொருள் ஏமாறும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றிவிட்டால் போதும். உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம்.

அனுமதிகள். விண்டோஸில் 'இந்தப் பயனர் மட்டும் பார்க்கலாம்' என்று வைத்த தடையை லினக்ஸ் வழக்கமான மவுண்டில் மதிப்பதில்லை. அந்தத் தடை வட்டில் இருக்கும் பூட்டு அல்ல, விண்டோஸ் நின்றுகொண்டு செய்யும் காவல். விண்டோஸ் ஓடாதபோது காவலும் இல்லை. குறியாக்கம் இல்லாத எந்தக் கணினியையும் ஒரு லினக்ஸ் பென்டிரைவால் தொடங்கி, கடவுச்சொல் தெரியாமலே உள்ளிருப்பதைப் படிக்கலாம். பிட்லாக்கரைத் தொல்லை என்று சொல்லி அணைக்கும் முன் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

பொதுப் பார்ட்டிஷன்: எந்த முறையில்?

இரண்டு பக்கமும் வேண்டிய கோப்புகளுக்கென்று மூன்றாவதாக ஒரு பார்ட்டிஷன் ஒதுக்குவதே நடைமுறையில் நிம்மதி. எந்த முறையில் என்பதற்கு மூன்று தேர்வுகள்.

1. ஃபேட்32: எல்லோருக்கும் தெரிந்த பழைய மொழி. ஆனால் ஒரு கோப்பின் அளவு 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. ஏறத்தாழ 4 ஜிபி. ஒரு திருமண வீடியோவுக்கே பற்றாது.
2. எக்ஸ்ஃபேட்: 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, 2019-இல் விவரக்குறிப்பை வெளியிட்ட பின் லினக்ஸ் கெர்னலிலும் சேர்ந்துவிட்டது. நடைமுறையில் அளவுத் தடை இல்லை. ஆனால் ஜர்னல் இல்லை. அதாவது எழுதும் வேலையை முன்கூட்டிக் குறித்து வைக்கும் நாட்குறிப்பு இல்லை. எழுதும்போது கரன்ட் போனால் சரிசெய்வது கடினம். பென்டிரைவுக்கு ஏற்றது.
3. என்டிஎஃப்எஸ்: ஜர்னல் உண்டு, விண்டோஸில் பழுது பார்க்கவும் வசதி உண்டு. உள் வட்டில் பொதுப் பார்ட்டிஷனுக்கு இதுவே என் தேர்வு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அணைந்திருக்கிறது என்ற நிபந்தனையோடு.

படம், பாடல், ஆவணம் இவற்றை அங்கே வைக்கலாம். லினக்ஸின் ஹோம் ஃபோல்டரையே அங்கே நகர்த்துவது கூடாது. லினக்ஸ் எதிர்பார்க்கும் உரிமைக் குறிகள் வழக்கமான மவுண்டில் நிற்காது, எல்லாக் கோப்பும் ஓடக்கூடிய நிரல் போலவே தெரியும். பார்ட்டிஷன் ஒவ்வொரு முறையும் தானாகத் திறக்க எஃப்எஸ்டேப் என்ற லினக்ஸின் தொடக்க மவுண்ட் பட்டியலில் எழுதுபவர்கள் 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் என்றாவது அந்தப் பார்ட்டிஷன் திறக்க மறுக்கும் காலையில் லினக்ஸே எழும்பாமல் அவசரநிலைத் திரையில் நின்றுவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொதுப் பார்ட்டிஷன் ஒரு நாள் திடீரென்று படிக்க மட்டும் திறக்கிறதா? கட்டளை தேடும் முன், சமீபத்தில் விண்டோஸ் பெரிய அப்டேட் எதையாவது போட்டதா என்று பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் எடுத்துவிட்ட டிக் பழைய இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கக்கூடும்.